‘நிலைச்சுட்டி’யா, ‘நிலையெண்’ணா? மேற்கோள் வரிக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய கலைச்சொல் குழுவினர்க்கு வணக்கம்.

ஆய்வுக் கட்டுரைக்கு இணையத்தில் இடப்படும் நிலையான அடையாளக் குறியான டி.ஓ.ஐ. (DOI) என்பதற்குத் தமிழில் ‘நிலைச்சுட்டி’ என்ற சொல்லை மன்னார்குடி நண்பர் முன்வைத்திருக்கிறார். திருவாரூர் அம்மையார் அதை ஏற்று, ‘எண்ணிமப் பொருள் அடையாளங்காட்டி’ என்ற நீண்ட பெயர்ப்பைக் கைவிடலாம் என்கிறார். கைவிடுவதில் எனக்கும் உடன்பாடே. மேற்கோள் வரியின் இறுதியில் அத்தனை நீளச் சொல் வந்தால், அதற்குப் பின் வருவதைப் படிக்க யாருக்கும் பொறுமை இராது. ஆனால் ‘சுட்டி’ வேண்டாம் என்பது என் கருத்து. அச்சொல் கணினியின் மவுஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இணைப்பு என்ற பொருளிலும் பலர் அதையே எழுதுகிறார்கள். நாம் பெயரிட வேண்டியதோ, இணைப்பு முறிந்த பிறகும் நிற்கும் ஒன்று.

அந்த முறிவைச் சென்ற மாதம் கண்ணால் கண்டேன். கும்பகோணத்தில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், குடமுருட்டிப் பாசனம் பற்றிய தம் கட்டுரையின் அச்சுப்படியைத் திருத்தக் கொண்டுவந்தார். மேற்கோள் பட்டியலில் ஓர் இணைய முகவரி மட்டும் ஐந்து வரிகளை விழுங்கியிருந்தது. தமிழ் எழுத்துள்ள முகவரியை நகலெடுத்து ஒட்டினால், எழுத்தின் ஒவ்வொரு துண்டும் சதவீதக் குறியும் எண்ணும் ரோமன் எழுத்துமாக மாறி ஒன்பது இடம் பிடிக்கும். ‘தஞ்சாவூர்’ என்ற சொல்லில் புள்ளி, கால் முதலியவை தனித்தனியே கணக்காகி ஒன்பது துண்டுகள் ஆவதால், அது ஒன்றே 81 இடங்களை அடைத்துக்கொள்கிறது. முழுவதையும் பொறுமையாகத் தட்டச்சுச் செய்து பார்த்தோம்; அப்படி ஒரு பக்கமே இல்லை என்று வந்தது. இதழின் தளம் வேறிடத்துக்கு மாறியிருந்தது.

டி.ஓ.ஐ. இங்கேதான் உதவுகிறது. 10 என்று தொடங்கி ஒரு புள்ளி, பதிப்பகத்துக்கு ஒதுக்கிய எண், ஒரு சாய்கோடு, பிறகு கட்டுரைக்குப் பதிப்பகம் தானே இடும் குறி: இவ்வளவே அதன் அமைப்பு. 2012இல் அது ஐ.எஸ்.ஓ. 26324 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஆயிற்று. நம் பக்கத்தில் நிலம் வைத்திருப்போர்க்கு இதை விளக்கவே வேண்டாம். பத்திரத்தில் ‘புல எண் 142, உட்பிரிவு 3ஏ’ என்றிருப்பது பேச்சில் ‘142/3ஏ’ ஆகும். வயல் யார் கைக்குப் போனாலும் எண் அந்த வயலையே காட்டும். பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வது வாங்கியவர் பொறுப்பு. அதுபோலத் தளம் மாறும்போது புதிய முகவரியை, எண்ணையும் முகவரியையும் இணைத்து வைக்கும் பதிவகத்துக்குத் தெரிவிப்பது பதிப்பகத்தின் பொறுப்பு, தெரிவிக்காவிட்டால் டி.ஓ.ஐ.யும் பழைய வெற்றுப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடும். (மறு நில அளவையில் புல எண்ணே மாறுகிறதே என்று நண்பர் கேட்பார். அந்த இடத்தில் உவமை நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.)

ஆகவே ‘நிலையெண்’ என்று முன்மொழிகிறேன். சாய்கோட்டுக்குப் பின் எழுத்தும் வரலாம் என்பதால் ‘எண்’ பொருந்தாது என்று முந்தைய மடலொன்றில் மறுப்பு வந்தது. எழுத்துக் கலந்தவற்றையும் நாம் வண்டி எண், கதவு எண் என்றுதானே சொல்கிறோம்? தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தான் கொடுத்தனவும் தன் தமக்கை கொடுத்தனவும் கல்லில் வெட்டச் சொன்ன கல்வெட்டை, ஆய்வாளர்கள் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள், தொகுதி 2, எண் 1’ என்று குறிக்கிறார்கள். அந்நூல் எந்த நூலகத்தில் எந்த அடுக்கில் இருந்தாலும் அது போதுமானதாக இருக்கிறது.

2019இல் வந்த ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் நெறிநூலின் ஏழாம் பதிப்பு டி.ஓ.ஐ.யை முழு இணைப்பாகவே எழுதச் சொல்கிறது. திரையில் அது நல்லது, சொடுக்கினால் போதும். அச்சில் ‘நிலையெண்:’ என்று முன்னே இட்டு எண்ணை மட்டும் தருவது வாசகர்க்கு எளிது.

ஆய்வாளர் ஒவ்வொருவரையும் அடையாளம் காட்ட வழங்கும் 16 இலக்க ஆர்க்கிட்டையும் (ORCID) நாம் பெயரிட்டாக வேண்டும். ‘கட்டுரை நிலையெண்’, ‘ஆய்வாளர் நிலையெண்’ என்று இரண்டும் இயல்பாக அமைகின்றன. ‘சுட்டி’யில் இக்கிளைச் சொற்கள் எப்படி வரும் என்பதை மன்னார்குடி நண்பர் எழுதினால், ஞாயிற்றுக்கிழமைக்குள் கலைச்சொல் பட்டியலை முடித்துவிடலாம்.

அன்புடன்,
திருவையாற்றிலிருந்து