திறக்க மறுக்கும் ஹார்ட் டிஸ்க்: பத்திர வரைவுகளை மீட்க வழி உண்டா?

மஞ்சக்குப்பம் எழுத்தர்:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்திர எழுத்தராகத் தொழில் செய்கிறேன். தானே புயலில் பழைய கணினி நனைந்து வீணான பிறகு, 2012-இல் வாங்கிய மேசைக் கணினியில்தான் இன்றுவரை என் அலுவலக வேலை நடந்துவருகிறது. அதிலுள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒரு வாரமாகத் தகராறு செய்கிறது. விண்டோஸ் முழுதாக வந்து நிற்பதற்கே இருபது நிமிடம் பிடிக்கிறது. 'டி' டிரைவில் சில ஃபோல்டர்கள் உடனே திறக்கின்றன; வேறு சிலவற்றைத் தொட்டால் கணினி அசையாமல் நின்றுவிடுகிறது. பென் டிரைவில் பிரதி எடுக்க முயன்றபோது முதல் இருநூறு கோப்புகள் வந்தன, அதன்பின் வேகம் குறைந்துகொண்டே போய் அடியோடு நின்றது. டக் டக் என்ற சத்தம் எதுவும் இல்லை.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளை நிறுவிப் பார்த்ததில் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை வருகிறது. '05' என்ற வரிசையில் 138 என்றும், 'சி5' என்ற வரிசையில் 58 என்றும் உள்ளது. கடையில் கேட்டால், ஃபார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு வேண்டியது கணினி அல்ல. பன்னிரண்டு ஆண்டுக் கிரையம், பாகப்பிரிவினை, உயில் வரைவுகளும் கட்சிக்காரர்கள் கொடுத்த தாய்ப்பத்திரங்களின் ஸ்கேன் நகல்களும்தான். மொத்தம் 40 ஜிபி இருக்கும். என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:

ஐயா, முதல் வேலையாகக் கணினியை நிறுத்திவிடுங்கள். ஃபார்மட் பேச்சே வேண்டாம். நீங்கள் பார்த்த எண்கள் பத்துக்குப் பதில் பதினாறை அடியாகக் கொண்டு எண்ணும் பதினாறடிமான முறையில் உள்ளவை. அந்த மென்பொருள் இயல்பாக அப்படித்தான் காட்டும். அதன்படி 138 என்பது நம் கணக்கில் 312. அதாவது வட்டில் தகவல் பதியும் சிறு கட்டங்களான செக்டார்களில் இதுவரை 312 கெட்டு, அவற்றுக்குப் பதிலாக வட்டு தன் இருப்பிலிருந்து வேறு இடம் ஒதுக்கியிருக்கிறது. 58 என்பது 88. படிக்க முயன்று தோற்று, என்ன ஆகும் என்று தெரியாமல் காத்திருக்கும் செக்டார்கள் இவை. உங்கள் கணினி நின்று நின்று போவதற்குக் காரணம் இந்த 88-தான். விண்டோஸ் இயங்கும்போது நீங்கள் எதையும் தொடாவிட்டாலும் பின்னணியில் அது எழுதிக்கொண்டும் தேடிக்கொண்டும் இருக்கும். அந்த ஒவ்வொரு நிமிடமும் உங்கள் 40 ஜிபிக்குச் சேர வேண்டிய நேரம்.

இந்த நிலையில் கோப்பு கோப்பாகப் பிரதி எடுப்பது தவறான வழி. கெட்ட இடத்தில் வந்து முட்டிக்கொண்டு அங்கேயே மீண்டும் மீண்டும் முயல்வதில், நன்றாக இருக்கும் இடங்களைப் படிப்பதற்குள் வட்டு ஓய்ந்துவிடும். வட்டு முழுவதையும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு நிரல் கொண்டு இன்னொரு வட்டில் ஒரே இமேஜாக, அதாவது முழு வட்டின் அச்சு நகலான ஒரே கோப்பாக எடுத்துவிட்டு, அதன்பின் அந்த இமேஜில் மட்டுமே தேட வேண்டும். அந்த நிரல் எளிதில் படிக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முட்டும் இடங்களைத் தாண்டிச் சென்று, கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பி வரும். முதல் ஓட்டத்தில் சிறிய 'என்' தெரிவைக் கொடுத்தால், கெட்ட இடங்களைச் சுரண்டும் கட்டத்துக்கே போகாது.

2 டிபி வட்டு ஒன்றைப் புதிதாக வாங்கி என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. பென் டிரைவில் சிஸ்டம்ரெஸ்க்யூ லினக்ஸை ஏற்றிக் கணினியை அதிலிருந்து தொடங்குங்கள். டிடிரெஸ்க்யூவோடு, தொலைந்த டிரைவ் பிரிவுகளை மீட்கும் டெஸ்ட்டிஸ்க், கோப்புகளை அவற்றின் உள்ளடக்கத்தைக் கொண்டே தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் இரண்டும் அதில் உண்டு. எது பழைய வட்டு, எது புதியது என்பதை வரிசை எண்ணைப் பார்த்து உறுதி செய்யுங்கள், ஏனெனில் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் வெற்று வட்டு உங்கள் பத்திரங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். அதற்கு மருந்து கிடையாது. எதைப் படித்தது, எது பாக்கி என்று குறித்துவைக்கும் மேப் கோப்பும் புதிய வட்டிலேயே இருக்க வேண்டும். பென் டிரைவிலிருந்து இயங்கும் லினக்ஸில் அதை வைத்தால், மின்சாரம் போனதும் அதுவும் போய்விடும். நம் ஊரில் மழை பெய்தால் மின்சாரம் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். மேப் கோப்பு பத்திரமாக இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

நல்ல வட்டாக இருந்தால் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 1 டிபியைப் படிக்க மூன்று மணி நேரத்துக்குள் ஆகும். உங்களுடையதில் பெரும்பகுதி ஒரு நாளில் வந்துவிடலாம், கடைசித் துளிகளுக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கலாம்.

முந்திரிக்காடு:

இவ்வளவு சிரமம் எதற்கு? செக்டிஸ்க் கட்டளையைப் பழுது நீக்கும் தெரிவோடு ஓட்டினால் என் வீட்டுக் கணினி சரியாகிவிட்டது. அதற்கும் மசியாவிட்டால், வட்டைப் பாலித்தீன் பையில் சுற்றி ஃப்ரீசரில் ஓரிரவு வைத்து எடுத்தால் சில மணி நேரம் ஓடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

லாஸ்பேட்டைவாசி:

நண்பர் முந்திரிக்காடு மன்னிக்க வேண்டும், இரண்டுமே இந்த வட்டுக்கு ஆகாது. செக்டிஸ்க் கோப்பமைப்பைச் சீராக்கும் கருவி. உள்ளே இருக்கும் தகவலைக் காப்பாற்றுவது அதன் வேலையல்ல. படிக்க முடியாத குறிப்புகளை அது நீக்கிவிட்டு 'சரி' என்று சொல்லும், அப்போது ஃபோல்டரே காணாமல் போயிருக்கும். ஃப்ரீசர் யோசனை இன்னும் மோசம். குளிர்ந்த வட்டை வெளியே எடுத்தவுடன், கடலோர ஈரக்காற்றில் அதன் உள்ளும் புறமும் நீர் அரும்பும். படிக்கும் தலை தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

எழுத்தர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். தொடங்குமுன், வட்டை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிவிடுங்கள். உப்புக் காற்றில் முனைகள் களிம்பேறி, 'சி7' வரிசையில் பிழைகள் ஏறுவதைப் புதுச்சேரியில் நான் அடிக்கடி பார்க்கிறேன். அது வட்டின் குறையல்ல, இணைப்பின் குறை. யூஎஸ்பி வழியாக மாட்டாமல் மதர்போர்டில் நேராக மாட்டுங்கள்.

ஓட்டத்தின் நடுவே டக் டக் சத்தம் வந்தால் அந்தக் கணமே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். அது தலை பழுதாவதன் அறிகுறி. அதற்கு மேல் மென்பொருளால் செய்ய ஒன்றுமில்லை, வட்டைத் திறப்பதற்கென்று தூசியில்லாத தூய அறை வைத்திருக்கும் ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சென்ற ஆண்டு என் உறவினர் ஒருவரின் வட்டைக் கடை ஒன்றில் மேசைமேல் வைத்தே மூடியைத் திறந்துவிட்டார்கள். பிறகு அதை எந்த ஆய்வகமும் நம்பிக்கையோடு கையில் எடுக்கவில்லை. அதே மாடல் வட்டின் சர்க்யூட் போர்டை மாற்றிப் போடலாம் என்பார்கள். ஒவ்வொரு வட்டுக்கும் உரிய அளவீடுகள் போர்டிலுள்ள சிப்பில் பதிவாகியிருப்பதால் இன்றைய வட்டுகளில் அது பெரும்பாலும் பலிக்காது.

இன்னொன்று: பதிவான ஆவணங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். ஆகவே இமேஜ் கிடைத்ததும் இன்னும் பதிவாகாத வரைவுகளை முதலில் தேடுங்கள்.

மஞ்சக்குப்பம் எழுத்தர்:

இருவருக்கும் மிக்க நன்றி. கேபிளை மாற்றி, யுபிஎஸ் இணைத்து, சொன்னபடியே செய்தோம். முதல் ஓட்டம் பதினேழு மணி நேரம் எடுத்தது. ஒருமுறை கணினி தானாக நின்றது. மேப் கோப்பு இருந்ததால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. முடிவில் சில எம்பி தவிர மற்ற அனைத்தும் வந்துவிட்டன. பெரும்பாலான ஃபோல்டர்கள் பெயரோடு கிடைத்தன. 2014-ஆம் ஆண்டு ஃபோல்டர் மட்டும் காலியாக இருந்ததால், இமேஜின் மேல் ஃபோட்டோரெக் ஓட்டினோம். கோப்புகள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எல்லாம் 'எஃப்' எழுத்தும் ஏதோ எண்ணுமாக உள்ளன.

என் மகன் தன் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, 311 வேர்டு கோப்புகள் கெட்டுப்போய்விட்டன என்று தனியே ஒதுக்கியிருக்கிறான். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கலைந்து கிடக்கின்றனவாம். ஓரிடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று வரிசையாக இருந்ததாகச் சொன்னான். இவற்றைப் பழுது பார்க்க மென்பொருள் உண்டா, அல்லது அழித்துவிடலாமா?

கெடிலக்கரை:

அழித்துவிடாதீர்கள் ஐயா! அந்த வரிசை, யூனிகோடுக்கு முந்தைய பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் 'தமிழ்' என்ற சொல். உங்கள் அலுவலகத்தில் பாமினி எழுத்துருவில் தட்டியிருக்கிறார்கள். தம்பியின் லேப்டாப்பில் அந்த எழுத்துரு இல்லாததால், அடியில் உள்ள ஆங்கில எழுத்துகள் அப்படியே தெரிகின்றன. பழைய இமேஜிலேயே விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் பாமினி இருக்கும். எடுத்து நிறுவிவிட்டுத் திறந்து பாருங்கள். உள்ளடக்கத்தைத் தேடும்போதும் யூனிகோடில் 'பாகப்பிரிவினை' என்று தட்டினால் ஒன்றும் அகப்படாது. பாமினியில் எந்த விசைகளை அழுத்துவீர்களோ, அதே ஆங்கில விசைகளை அழுத்தித் தேட வேண்டும்.

மஞ்சக்குப்பம் எழுத்தர்:

எழுத்துருவை நிறுவினோம். 311-இல் 296 கோப்புகள் ஒரு எழுத்தும் பிசகாமல் திறந்தன. என் தட்டச்சரே பக்கத்தில் உட்கார்ந்து விசைகளைச் சொல்ல, மகன் தேடிக்கொண்டிருக்கிறான். மீதிப் பதினைந்தில் நான்கு பாதிவரை திறக்கின்றன. பழைய வட்டைக் கழற்றி, உறையில் போட்டு, 'எழுதக் கூடாது' என்று மேலே எழுதி அலமாரியில் வைத்துவிட்டேன்.