தலைமைப் பயிற்றுநரா, மேலாளரா, மேலாளா?

செக்காலையிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். நாம் சேர்ந்து போடும் கால்பந்துச் சொற்களின் தமிழ்ப் பட்டியலில் இந்த முறை ‘கோச்’சும் ‘மேனேஜ’ரும்.

‘அடுத்த கோச் யார்’ என்று நம்மவர்கள் ஆரம்பிக்கிற வாக்குவாதம் நாலு பதிலுக்குள் தடம் மாறிவிடுகிறது. ‘ஆளெடுக்கத் தெரியாத மனுஷன், வேண்டவே வேண்டாம்’ என்பார் ஒருவர். ‘அவர் என்ன செய்வார், வாங்கிக் கொடுத்ததை வைத்துத்தானே ஆடவிட முடியும்’ என்பார் இன்னொருவர். இருவரும் வெவ்வேறு வேலைகளைப் பற்றிப் பேசுகிறார்கள். நாம் இரண்டையும் ‘கோச்’ என்றே எழுதி வைத்திருக்கிறோம்.

இங்கிலாந்தின் பழைய வழக்கப்படி ‘மேனேஜர்’ என்றால் பயிற்சி, ஆடும் பதினொருவர், வாங்கல் விற்றல், இளையோர் அணியிலிருந்து யாரை மேலே ஏற்றுவது எல்லாம் அவர் கையில். ஃபெர்கூசன் மான்செஸ்டர் யுனைடெட்டில் 1986 முதல் 2013 வரை அப்படி இருந்தார். ஆர்சனலில் வெங்கர் 1996 முதல் 2018 வரை. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் அந்த நாற்காலியில் இருப்பவர் பயிற்சி கொடுப்பவர் மட்டும். ஆள் வாங்கத் தனியாக ஓர் இயக்குநர் உண்டு. இப்போது இங்கிலாந்தும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. லிவர்பூலில் க்ளோப் மேனேஜர். 2024 ஜூனில் பொறுப்பேற்ற ஆர்னே ஸ்லாட்டுக்கு ‘ஹெட் கோச்’ என்றுதான் பதவிப் பெயர். யுனைடெட்டில் டென் ஹாக் மேனேஜர், அவருக்குப் பின் வந்த அமோரிம் ஹெட் கோச். தலைகீழாகவும் நடந்திருக்கிறது: ஆர்டெட்டா 2019 டிசம்பரில் ஆர்சனலுக்கு ஹெட் கோச்சாக வந்தார், 2020 செப்டம்பரில் மேனேஜர் ஆனார். அதே பெஞ்ச், அதே மைதானம். ஆள் வாங்கும் பேச்சில் மட்டும் அவர் சொல்லுக்கு எடை கூடியது.

என் முன்மொழிவு: ஹெட் கோச் – தலைமைப் பயிற்றுநர். மேனேஜர் – அணி மேலாளர். அசிஸ்டென்ட் கோச் – துணைப் பயிற்றுநர். மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து

செக்காலைத் தம்பிக்கு, ‘தலைமைப் பயிற்சியாளர்’ நாளிதழ்களில் ஊன்றிப்போய் வெகுகாலம் ஆயிற்று. அதைப் பிடுங்கிவிட்டுப் ‘பயிற்றுநர்’ நடுவதால் என்ன லாபம்? எண்ணிப் பாருங்கள், பதினோரு எழுத்து பத்தாகிறது. மிச்சம் ஒரே ஓர் எழுத்து.

‘அணி மேலாளர்’ கூடவே கூடாது. மாவட்ட அணியைப் போட்டிக்கு அழைத்துப்போகிறவர்களைக் கேளுங்கள். நம்மூரில் ‘டீம் மேனேஜர்’ என்பவர் ரயில் டிக்கெட், தங்குமிடம், பிறப்புச் சான்று, அடையாள அட்டை, எதிரணியின் நிறம் ஒத்துப்போனால் மாற்றுச் சட்டை என்று ஓடிக்கொண்டிருப்பவர். கிரிக்கெட்டிலும் அதே கதை. ஆட்டத் திட்டத்தில் அவருக்குப் பேச்சே கிடையாது. ‘அணி மேலாளர் நீக்கப்பட்டார்’ என்று எழுதினால் வாசிப்பவன் தங்குமிடத்தில் சாப்பாடு சரியில்லை போல என்றுதான் நினைப்பான்.

கானாடுகாத்தானிலிருந்து

தேவகோட்டைத் தம்பி சொல்கிற எழுத்துக் கணக்கை விடுங்கள். ‘பயிற்சி’ என்ற சொல் இரண்டு பக்கமும் வெட்டுகிறது, அதுதான் சங்கடம். பயிற்சி மருத்துவர் என்றால் யார்? கற்றுக்கொள்கிறவர். பயிற்சி ஆசிரியரும் அப்படியே. ஆக, ‘பயிற்சி உதவியாளர்’ என்று ஒருவரைக் குறிப்பிட்டால் அவர் பயிற்சிக்கு உதவுகிறவரா, பயிற்சியில் இருக்கிற உதவியாளரா? பயிற்று என்பது பிறவினை. பயிற்றுநர் என்றால் சொல்லிக்கொடுக்கிறவர் என்பதைத் தவிர வேறு பொருள் வராது. பள்ளிக் கல்வித் துறையில் ‘ஆசிரியர் பயிற்றுநர்’ என்று பதவியே இருக்கிறது. ஓட்டுநர், நடத்துநர், இயக்குநர் வரிசையில் இதுவும் உட்காரும்.

ஒரு எச்சரிக்கை. சிலர் ‘மூத்த பயிற்றுநர்’ என்றும் ‘முதன்மைப் பயிற்றுநர்’ என்றும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஆட்ட விதியில் மூத்தவருக்குத் தனி வேலை இருக்கிறது. 2019–20 பருவத்திலிருந்து பெஞ்சில் இருப்பவர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். தவறு செய்தது யார் என்று நடுவரால் அடையாளம் காண முடியாவிட்டால், அந்த இடத்தில் அப்போது இருக்கிற மூத்த பயிற்றுநருக்கு அட்டை விழும். தலைமைப் பயிற்றுநர் முன்னாடியே சிவப்பு வாங்கி வெளியே போயிருந்தால் அந்த மூத்தவர் அவருடைய துணைவர். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் விதியைத் தமிழில் எழுதவே முடியாது.

பெஞ்சைச் சுற்றியுள்ள அந்த இடத்தின் (டெக்னிகல் ஏரியா) பெயரையும் பேசிவிடலாம். ‘தொழில்நுட்பப் பகுதி’ என்று எங்கோ பார்த்தேன். கம்ப்யூட்டர் வைத்த அறை மாதிரி இருக்கிறது. இருக்கைகளின் இரு பக்கமும் 1 மீட்டர், முன்னால் எல்லைக்கோட்டுக்கு 1 மீட்டர் முன்புவரை கோடு போட்ட இடம், அவ்வளவுதான். ‘பயிற்றுநர் கட்டம்’ போதும். அங்கிருந்து ஆட்ட உத்தி சொல்ல ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. ஆர்சனலுக்குக் கார்னர் கிடைத்ததும் அதற்கென்றே உள்ள பயிற்றுநர் நிக்கோலா ஜோவர் எழுந்து கோட்டருகே வந்து கையசைப்பார், பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் பேசும் உரிமை அவருடையது. தலைமை என்பது கத்துகிற உரிமை என்று நினைக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

பள்ளத்தூரிலிருந்து

கானாடுகாத்தான் ஆச்சி சொல்லிவிட்டபின் பயிற்றுநருக்கு மேல்முறையீடு இல்லை. மேனேஜருக்கு ஒரு சொல், நம் வீடுகளின் பெட்டகத்தில் கிடக்கிறது.

ரங்கூனிலும் பினாங்கிலும் நம் செட்டிநாட்டவர்கள் வட்டிக்கடை வைத்திருந்த காலத்து அடுக்கை நினைத்துப் பாருங்கள். முதலாளி இங்கே ஊரில். அங்கே கடையை நடத்துகிறவர் மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள். அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளுக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள், வழக்கமாக மூன்று வருஷம். யாருக்குக் கடன் கொடுக்கலாம், எவ்வளவு கொடுக்கலாம் என்று அவரே முடிவு செய்வார். தவணை முடிந்தால் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார், வேறு மேலாள் வருவார். காசு முதலாளியுடையது, முடிவு மேலாளுடையது. ஃபெர்கூசன் வகை மேனேஜருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எங்கே கிடைக்கும்?

ஆகவே மேனேஜர் – அணி மேலாள். அசிஸ்டென்ட் கோச் – அடுத்தாள். ‘துணை’ என்பது துணை முதல்வர், துணைத் தலைவர் என்று அலங்காரப் பதவியாகக் காதில் விழுகிறது. அடுத்தாள் என்றால், மேலாள் இல்லாதபோது கடை அவர் தலையில் என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஆணா பெண்ணா என்ற தொல்லையும் இல்லை.

தேவகோட்டையிலிருந்து

அண்ணே, அடுத்தாளுக்கு என் ஓட்டு. மேலாள் தேறாது. நீங்கள் ‘மேலாள்’ என்று அனுப்புவீர்கள், மெய்ப்புப் பார்க்கிறவர் ‘ர் விட்டுப்போயிற்று’ என்று சேர்த்துவிடுவார். கைப்பேசியே தானாக மேலாளர் என்று மாற்றிவிடும். வேற்றுமை ஏற்றிப் பாருங்கள்: மேலாளை, மேலாளரை. தலைப்புச் செய்தியில் கண் பிரித்தறியாது. எந்த வேறுபாட்டுக்காகச் சொல் தேடுகிறோமோ அதுவே ஓர் எழுத்தில் தொங்கும்.

அடுத்தாளுக்கும் ஒரு வரம்பு போட வேண்டும். பெஞ்சில் நாலைந்து பேர் பயிற்றுநர் சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கோல்காப்பாளர் பயிற்றுநர், உடல்திறன் பயிற்றுநர், நிலைப்பந்துப் (செட் பீஸ்) பயிற்றுநர், காணொளிப் பகுப்பாய்வாளர் எல்லோரையும் அடுத்தாள் என்றால் சொல் நீர்த்துவிடும். தலைமைப் பயிற்றுநர் வராத நாளில் யார் பதினொருவரை எழுதுவாரோ அவர் ஒருவர்தான் அடுத்தாள். மற்றவர்களை அவரவர் வேலையின் பெயரால் சொல்வோம்.

‘அடுத்து யார்’ என்று பேசுகிறவர்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான். ஒருவரைக் கொண்டுவந்தால் அவரோடு அவருடைய கூட்டமும் வரும்; அவரை அனுப்பினால் கூட்டமும் போகும். ஒப்பந்தம் முடியுமுன் ஆளை விடுவிக்கப் பழைய கிளப்புக்குக் கட்டும் விடுவிப்புத் தொகை வேறு. அமோரிமைப் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப்பிலிருந்து பெயர்க்க ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை 1 கோடி யூரோ. அதையெல்லாம் கூட்டாமல் ‘அவரைக் கூப்பிடு, இவரைக் கூப்பிடு’ என்று எழுதுவது வெறும் ஆசைப் பட்டியல்.

கோட்டையூரிலிருந்து

இடைப்பட்ட காலத்தில் உட்காருகிறவரை மறந்துவிட்டீர்கள். இதில் இரண்டு வகை.

முதல் வகை, நாற்காலி திடீரென்று காலியாகி, நாளை மறுநாள் ஆட்டம் இருக்கிறது என்பதற்காக உள்ளேயே இருக்கிற ஒருவரை ஏற்றுவது. 2024 அக்டோபர் இறுதியில் டென் ஹாக் நீக்கப்பட்டதும் அவருடைய பெஞ்சில் இருந்த வான் நிஸ்டல்ரூய் நாலு ஆட்டம் பார்த்துக்கொண்டார். மூன்று வெற்றி, ஒரு சமன், அமோரிம் வந்ததும் வெளியேறினார். 2012 மார்ச்சில் செல்சியில் வில்லாஸ் போவாஸ் போனபோது அவருடைய அடுத்தாள் டி மத்தேயோ ஏறினார், மே மாதம் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். இரண்டாவது வகை, இத்தனாம் தேதி வரை என்று பேசி வெளியிலிருந்து கூட்டி வருவது. 2021 டிசம்பரில் யுனைடெட்டுக்கு ரால்ஃப் ரங்னிக் அப்படி வந்தார், பருவ முடிவு வரை.

முதல் வகைக்கு அரசு அலுவலகச் சொல்லே இருக்கிறது: ‘பொறுப்பு’. தலைமையாசிரியர் பொறுப்பு, டி.ஜி.பி. பொறுப்பு என்று தினமும் படிக்கிறோம். தலைமைப் பயிற்றுநர் (பொறுப்பு) என்று எழுதினால் எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் புரியும். இரண்டாவது வகைக்கு ‘இடைக்கால’. இன்னொன்றும் உண்டு. மனோலோ மார்க்கேஸ் 2024–25 பருவத்தில் எஃப்.சி. கோவா கிளப்பையும் இந்திய அணியையும் சேர்த்துப் பார்த்தாரே, அது சுத்தமான ‘கூடுதல் பொறுப்பு’. தாசில்தார்களுக்கு உள்ள அதே தலைவலி: இங்கே லீக், அங்கே ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று.

இந்திய அணியில் அவருக்குப் பின் 170 பேர் விண்ணப்பித்து, காலித் ஜமீல், ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன், ஸ்டெஃபான் டார்கோவிச் என்று மூன்று பேராகச் சுருக்கி, 2025 ஆகஸ்டில் ஜமீலை எடுத்தார்கள். அப்போது நடந்த வாக்குவாதங்களில் ‘இவர் நல்ல ஸ்ட்ரைக்கரை வாங்குவாரா’ என்று கேட்டவர்களைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. தேசிய அணிக்கு வாங்கல் விற்றல் ஏது? இருப்பவர்களில் பொறுக்கி எடுக்க வேண்டியதுதான், அதுவும் கிளப்புகள் விடுகிற சில நாட்களுக்கு. அங்கே கேட்க வேண்டியது, ஐந்தாறு நாள் பயிற்சியில் தற்காப்பு வரிசையைக் கட்டுவாரா என்பது. 2016–17இல் ஐசால் அணியைச் சின்னச் செலவில் ஐ-லீக் என்ற தேசிய லீக் கோப்பையை வாங்க வைத்தவர் என்பதால் ஜமீலுக்கு அந்தக் கேள்வியில் எடை இருந்தது.

கானாடுகாத்தானிலிருந்து

மேலாளும் வேண்டாம், மேலாளரும் வேண்டாம் என்றால், மேனேஜருக்கு ‘அணிப் பொறுப்பாளர்’ என்று யாராவது எழுதுவதற்குள் தடுத்துவிடுகிறேன். கோட்டையூர்த் தம்பியின் ‘பொறுப்பு’ அதோடு மோதும். ‘அணி ஆளுநர்’ வேண்டாம், ராஜ்பவன் நினைவு வரும்.

பெண்கள் ஆட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. எம்மா ஹேய்ஸ் 2012 முதல் 2024 வரை செல்சி பெண்கள் அணியின் மேனேஜர். பிறகு அமெரிக்க அணிக்கு ஹெட் கோச்சாகப் போய் அதே 2024இல் பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். இதைத் தமிழில் ஒரே வாக்கியமாக எழுத முடிகிற சொல்தான் தேறும். ‘முழு அதிகார மேலாளர்’ என்று முதல் தடவையும், அதே கட்டுரையில் பிறகு ‘மேலாளர்’ என்றும் எழுதலாம். ரயில் டிக்கெட் பார்ப்பவரை ‘அணி அலுவலர்’ என்று பிரித்துவிட்டால் தேவகோட்டைத் தம்பியின் சாப்பாட்டுப் பிரச்சினையும் தீரும்.

செக்காலையிலிருந்து

ஆச்சி, அப்படியே பதிகிறேன். தலைமைப் பயிற்றுநர், அடுத்தாள், தலைமைப் பயிற்றுநர் (பொறுப்பு), இடைக்காலத் தலைமைப் பயிற்றுநர், அணி அலுவலர், பயிற்றுநர் கட்டம், விடுவிப்புத் தொகை ஆகிய ஏழுக்கும் மறுப்பில்லை. முழு அதிகார மேலாளரைக் கேள்விக்குறியோடு வைக்கிறேன். ‘மேலாள்’ கிளைச்சொல்லாகப் பட்டியலில் இருக்கட்டும், பள்ளத்தூர் அண்ணனுக்காக.

‘நிலைப்பந்து’ இடிக்கிறது. கார்னர், ஃப்ரீ கிக், பெனால்டி மூன்றிலும் பந்து அசையாமல் இருக்கும், சரி. த்ரோ-இன்னையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள், அது கையிலிருந்து வருகிறது. லிவர்பூல் 2018இல் அதற்கென்றே தாமஸ் க்ரோனமார்க்கை வைத்தது. அவரை எறிபந்துப் பயிற்றுநர் என்று எழுதினால் பள்ளிகளில் வலைகட்டி ஆடுகிற எறிபந்து என்று நினைத்துக்கொள்வார்கள். ‘கோட்டெறி’ சரிவருமா?