ஆல்ட்பரி, ஆஷ்ரிட்ஜ் காட்டு நடையில் எதிர்ப்பட்டவை: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நடராஜா சர்வீஸ்

வழியை விவரிக்கப் போவதில்லை, இங்கே பாதிப் பேர் போய் வந்தவர்கள்தான். லண்டனுக்கு வடமேற்கே ஹர்ட்ஃபர்ட்ஷயரில் ட்ரிங் ஸ்டேஷன், ஆல்ட்பரி ஊர்க் குளம், பக்கத்தில் அந்தக் காலத்தில் குற்றவாளிகளை மாட்டிவைத்த தொழுமரம், அப்புறம் பீச் மரங்களுக்குள்ளே ஏறினால் பிரிட்ஜ்வாட்டர் நினைவுத் தூண். சின்னப் பிள்ளைகள் ஏறுகிற ஏற்றம். நான் சொல்ல வந்தது இறங்கும்போது நடந்தது.

நவம்பர் கடைசி. தூணடியில் உட்கார்ந்து பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்து முடித்து மூன்றரைக்கு மேல்தான் கிளம்பினேன், நாலு மணிக்கெல்லாம் காட்டுக்குள்ளே சரியான இருட்டு. பாதி தூரத்தில் குரைப்புச் சத்தம். தொண்டை கட்டின நாய் மாதிரி ஒரே ஒரு குரைப்பு, நாலைந்து நொடி சும்மா இருந்துவிட்டு மறுபடி ஒன்று. மன்ட்ஜாக் மான் என்று தெரியும், முன்பே கேட்டிருக்கிறேன், அதனால் பயமெல்லாம் இல்லை. டார்ச்சை அடித்தால் பாதை நடுவிலேயே நிற்கிறது. முட்டிக்குக் கொஞ்சம் மேல் வரும் உயரம், கூன் போட்ட முதுகு, உதட்டுக்கு வெளியே இரண்டு பல். வெளிச்சம் பட்டதும் ஓடிவிடும் என்று பார்த்தால் ஓடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என் இடது தோளைத் தாண்டி எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு, முன்னங்காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மறுபடியும் குரைத்தது.

நான் திரும்பவில்லை. அதுவாகப் புதருக்குள் போன பிறகு, கீழே ஊர் விளக்கு தெரிகிற வரை நேராக நடந்தேன். எனக்குப் பின்னால் என்ன இருந்தது? யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பழைய குடை

ஒன்றும் இருந்திருக்காது. டார்ச் வெளிச்சத்தில் அதற்குக் கண் கூசியிருக்கும், உங்களைத் தாண்டிப் பார்ப்பது போலத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். மன்ட்ஜாக்குக்குக் கண் முகத்தின் பக்கவாட்டில் இருக்கிறது, நேராகப் பார்க்கிறதா தோளைப் பார்க்கிறதா என்று இருட்டில் எப்படிச் சொன்னீர்கள்? ஆபத்து என்றாலும் குரைக்கும், ஜோடியைக் கூப்பிடவும் குரைக்கும், வருஷம் முழுக்கக் குட்டி போடுகிற இனம் என்பதால் அதற்குச் சீசனும் கிடையாது. என் வீட்டுக்குப் பின்னால் ஒன்று முக்கால் மணி நேரம் விடாமல் குரைத்திருக்கிறது, எதிரே வெறும் வேலி.

கொடைக்கானல்காரன்

இது நம் ஊர்க் கேளையாடுதானே? பழனி மலையில் சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். கேளையாடு கத்தினால் பக்கத்தில் சிறுத்தை இருக்கிறது என்பார்கள் எங்கள் ஊரில். நடராஜா, நீங்கள் திரும்பிப் பார்க்காதது நல்லது.

பழைய குடை

சிறுத்தையா, ஹர்ட்ஃபர்ட்ஷயரிலா? சரிதான். அதோடு இரண்டும் ஒரே இனம் இல்லை. கேளையாடு இந்திய மன்ட்ஜாக். இங்கே சுற்றுவது ரீவ்ஸ் மன்ட்ஜாக், சீனாவிலிருந்து வந்தது, உருவத்திலும் சின்னது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோபர்ன் பூங்காவில் வைத்திருந்தார்கள், தப்பியதும் திறந்துவிட்டதுமாகத் தென் இங்கிலாந்து முழுக்கப் பரவிவிட்டது. வோபர்ன் ஆல்ட்பரியிலிருந்து கார் எடுத்தால் கிட்டத்தில்தான்.

ஹரோ தங்கச்சி

மானை விட்டுவிட்டு என்னுடையதைக் கேளுங்கோ. அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தா, ஏப்ரல் கடைசி, புளூபெல் பூப் பார்க்க ஆஷ்ரிட்ஜில் இருக்கிற டாக்கி வுட் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சீலைக்கு மேலே என்னுடைய பெரிய கோட், காலில் என்னுடைய பழைய பூட்ஸ். வார இறுதி என்றபடியால் வாசலில் காசு வாங்கினார்கள், "பூப் பார்க்கவோ காசு" என்று ஒரு முணுமுணுப்பு. உள்ளே போனதும் வாய் அடைத்துவிட்டது. மரங்களுக்கு அடியில் நிலமே தெரியாது, நீலம்தான், வெயில் படுகிற இடத்தில் ஊதா. மணம் லேசாகத்தான் இருக்கும், காற்று அடித்தால் ஒருக்கா வரும்.

நான் படம் எடுத்துக்கொண்டு நின்ற நேரம் அம்மா பாதை ஓரத்தில் குந்தி ஒரு தண்டைக் கிள்ளி எடுத்துவிட்டா. சாமிப் படத்துக்கு வைக்கவாம். நிமிர்ந்தால் எதிரில் ஒரு வயசான வெள்ளைக்காரர், கையில் நாய்க் கயிறு. ஏசுவார் என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன், மனுசன் வாயே திறக்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தார், நின்றார். நாயும் நின்றது. அம்மாவுக்கு என்ன விளங்கியதோ, ஒரு பீச் மரத்தின் வேர் இடுக்கில் அந்தப் பூவை வைத்து, கோயிலில் செய்கிற மாதிரியே இரண்டு கையையும் ஒருக்கா கூப்பினா. அவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

கோபத்தில் நின்றாரோ, சும்மா பார்த்தாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மா ஊருக்குப் போய் அந்த மனுசனைப் பற்றித்தான் எல்லோரிடமும் கதைக்கிறா, பூவைப் பற்றி இல்லை.

விதிமுறை

புளூபெல் பறிப்பது இங்கே சட்டப்படி குற்றம். பெரியவர் நல்லவர், அதனால் தப்பினீர்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிக் கூட்டிப் போக வேண்டும்.

பழைய குடை

அரைகுறையாகச் சொல்லாதீர்கள். 1981ஆம் வருஷத்து வனவுயிர், நாட்டுப்புறச் சட்டம் தடுப்பது நிலத்துக்காரர் அனுமதி இல்லாமல் வேரோடு பிடுங்குவதை, புளூபெல்லை அதற்கு மேல் விற்பனையிலிருந்தும் காக்கிறது. கிழங்கைத் தோண்டி விற்கிற கூட்டத்துக்காக வந்தது. ஒரு தண்டு கிள்ளிய அம்மாவை யாரும் கோர்ட்டுக்கு இழுக்க மாட்டார்கள். இந்தக் காட்டைப் பராமரிக்கிற நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளையின் இடத்தில் டிரஸ்டின் விதி தனியாக உண்டு, அது வேறு. உண்மையான சேதம் பறிப்பதால் இல்லை, மிதிப்பதால். இலை நசுங்கினால் கிழங்குக்குச் சாப்பாடு போகாது, அந்த இடம் மறுபடி தேறப் பல வருஷம் ஆகும். போட்டோவுக்காகக் குழந்தையைப் பூ நடுவில் உட்கார வைக்கிறார்களே, அவர்களிடம் போய்ச் சட்டம் பேசுங்கள்.

ட்ரிங் வாசி

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஊரைத் தாண்டினதும் வருகிற மேய்ச்சல் நிலத்தில் ஒரு கன்றுக்காரப் பசு, என்னையும் என் நாயையும் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு வேகமாக வந்தது. நாய்க் கயிற்றை விட்டேன். நாய் ஒரு பக்கம், நான் வேலிப் படிக்கட்டு பக்கம். பசு நாய் பின்னால்தான் போனது, நாய் அதைவிட வேகம். முடிந்தது.

அதனால் சொல்கிறேன், புதிதாகப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். மாடு துரத்தினால் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நிற்காதீர்கள், நாய் தப்பித்துக்கொள்ளும், நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். அப்புறம் ஸ்டேஷன். பெயர் ட்ரிங் என்று இருந்தாலும் அது ட்ரிங் ஊரைவிட ஆல்ட்பரிக்குத்தான் பக்கம், ஊருக்குள் இறங்கப் போகிறோம் என்று நினைத்துப் பஸ்ஸைத் தேட வேண்டாம், லண்டன் யூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் இறங்கி நேரே நடக்கலாம். பாதைக் கம்பத்தில் மஞ்சள் அம்பு என்றால் நடக்கிறவர்களுக்கு மட்டும், நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் வரும், பின்னால் குளம்புச் சத்தம் கேட்டால் ஒதுங்கி நில்லுங்கள், குதிரைக்காரர்கள் நின்று நன்றி சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஓக் கொட்டை படம் போட்டிருந்தால் அது ரிட்ஜ்வே என்கிற நெடுந்தூர நடைபாதை, அதைப் பிடித்து வடக்கே போனால் ஐவிங்ஹோ பீக்கன் குன்றில் போய் முடியும். ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் 181 வரைபடம் ஒன்று பையில் இருக்கட்டும், குன்றடியில் சிக்னல் போய்விடும். ஷூ முக்கியம். மேலே தீக்கல் கலந்த களிமண், கீழே சுண்ணாம்பு, மழை பெய்தால் இரண்டுமே வழுக்கும், இறங்கும்போதுதான் தெரியும். காஞ்சொறி பட்டு எரிந்தால் பக்கத்திலேயே அகல இலை டாக் செடி இருக்கும், தேய்க்கலாம் என்பார்கள், எனக்கு அது மனசுக்குத்தான் மருந்து. உண்ணிதான் நிஜமான கவலை. மான் இருக்கிற காடு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டிக் கூர் முனைச் சாமணத்தால் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும், எண்ணெய் விடுவது, தீக்குச்சி வைப்பது எல்லாம் கூடாது. சில வாரம் கழித்துக்கூட வட்டமாகச் சிவந்தால் டாக்டரிடம் போங்கள், உண்ணி கடித்து வருகிற லைம் நோயாக இருக்கலாம். குளிர்காலத்தில் எத்தனை மணிக்கு இருட்டும் என்று முன்பே பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள், இது நடராஜாவுக்கு.

நடராஜா சர்வீஸ்

நான் கேட்டது என் பின்னால் என்ன இருந்தது என்று. உண்ணி என்கிறீர்களா?

மாமியாரோடு மலையேறியவன்

ட்ரிங் வாசி சொன்னதில் உருப்படியானது அந்த ஸ்டேஷன் விஷயம், மீதியை டிரஸ்ட் பலகையிலேயே போட்டிருக்கிறார்கள்.

எங்கள் கதை பீக்கனில். உயரம் 233 மீட்டர்தான், ஆனால் சுற்றிலும் தடுக்க எதுவும் இல்லாததால் காற்று ஆளைத் தள்ளும். மாமியார் தினமும் அகத்திக்கீரை கொண்டுபோய்ப் பசுவுக்குக் கொடுக்கிற ஆள். மேலே ஏறி உட்கார்ந்து வாழையிலை மடிப்பைப் பிரித்தார் (வாழையிலை சவுத்ஹாலில் வாங்கியது, கேட்காதீர்கள்), எலுமிச்சைச் சாதமும் வடையும். தலைக்கு மேலே செந்நிறத்தில் ஒரு பருந்து, வால் இரண்டாகப் பிளந்து, சிறகை அசைக்காமல் காற்றிலேயே நிற்கிறது. மாமியார் சாப்பாட்டைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கருடன் என்று முடிவு கட்டிவிட்டார். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அது இறங்கி வந்து ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு போனது. பத்தடி தூரத்தில் நின்று பார்த்தேன், மஞ்சள் கால், நகம் வடைக்குள்ளே இறங்கியது வரைக்கும் தெரிந்தது. கண்ணைத் திறந்து இலையில் ஒரு வடை குறைந்ததைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது, "நீங்க எடுத்தீங்களா மாப்பிள்ளை?"

நான் சொன்னதை இன்று வரை நம்பவில்லை.

பழைய குடை

அது கருடன் இல்லை, ரெட் கைட். கருடனுக்குத் தலை வெள்ளையாக இருக்கும், வாலில் இப்படி ஆழமான பிளவும் இருக்காது. இங்கிலாந்தில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய், 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விட்டார்கள். இப்போது தலையை நிமிர்த்தினால் ஒன்று தெரிகிறது. வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி போட்டுப் பழக்கியவர்களால் வந்த துணிச்சல் அது. தயவுசெய்து யாரும் உணவு போடாதீர்கள்.

மாமியாரோடு மலையேறியவன்

போடவில்லை ஐயா, எடுத்துக்கொண்டு போனது.

கொடைக்கானல்காரன்

பழைய குடைக்குச் சொந்தமாக ஒரு அனுபவமும் கிடையாதா? எல்லோருக்கும் திருத்தம் மட்டும் போடுகிறார்.

பழைய குடை

இருக்கிறது. அக்டோபரில், மான்களின் இணைசேர் காலத்தில், ஆஷ்ரிட்ஜில் ஃபாலோ மான் கிடாக்கள் கத்துவதைக் கேட்கக் காலை ஆறரைக்குப் போனேன். கத்தல் என்றும் சொல்ல முடியாது, அடிவயிற்றிலிருந்து வரும் உறுமல். பனிமூட்டத்தில் இரண்டு கிடா கொம்பை மாட்டிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தன, மூச்சு ஆவியாகப் போகிறது, கட்டையோடு கட்டை மோதுகிற மாதிரி கொம்புச் சத்தம். நான் மரத்துக்குப் பின்னால். ஒன்று திடீரென்று கொம்பை விடுவித்துக்கொண்டு நேரே என் மரத்தைப் பார்த்தது. தோற்றதா, என் வாடை பட்டதா, தெரியவில்லை. மற்றது அந்த நேரத்தில் பக்கவாட்டில் வந்து முட்டிவிட்டது, முட்டு வாங்கியது நொண்டிக்கொண்டே போனது. நான் அங்கே நிற்காமல் இருந்திருந்தால் எது ஜெயித்திருக்கும் என்பதை மட்டும் எந்தப் புத்தகத்திலும் பார்க்க முடியவில்லை.

ஹரோ தங்கச்சி

இதை முதலிலேயே எழுதியிருக்கலாமே. மே முதல் வாரம் அம்மா மறுபடி வாறா, புளூபெல் அப்போதும் இருக்குமா, இல்லாவிட்டால் தூணுக்கு மேலே ஏறவிடுவார்களா? 172 படியாம், அவவுக்கு முழங்கால் நோ.