இரண்டு கட்டம் மட்டும் போதுமா? தேர்தல் வேலைக்குப் போய்விட்டு வந்தவன் கேட்கிறேன்

ஏரிக்கரைத்தெரு:
2022 பிப்ரவரி 19-ல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக 11 நாள் தெருத் தெருவாக நடந்தேன். எந்தக் கட்சி, எந்த வார்டு என்பதெல்லாம் வேண்டாம், தாம்பரம் மாநகராட்சி என்பது மட்டும் போதும். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் கிடையாது. நின்றவர் எங்கள் பக்கத்துத் தெருக்காரர், மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று மோட்டார் வைத்து இறைத்தவர், இவர் ஜெயித்தால் நம் பகுதிக்கு ஏதாவது நடக்கும் என்று நம்பி ஆபீஸில் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

தாம்பரம் அப்போதுதான் மாநகராட்சி ஆகியிருந்தது. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்று ஐந்து நகராட்சி, அதோடு சிட்லபாக்கம், பெருங்களத்தூர் மாதிரி ஐந்து பேரூராட்சி, எல்லாவற்றையும் சேர்த்து 70 வார்டாகப் பிரித்திருந்தார்கள். தாங்கள் எந்த வார்டு என்றே பாதி வீட்டில் தெரியவில்லை. அதனால் நான் ஒரு 192 பக்க நோட்டு வாங்கி, பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டேன். கதவு எண், அந்த வீட்டில் எத்தனை ஓட்டு, அவர்களுக்கு என்ன பிரச்சினை. மூன்றாவது கட்டத்துக்காகத்தான் நோட்டே.

ஒரு வீட்டு வாசலில் பாதாளச் சாக்கடைக் குழிக்கு மூடி இல்லை. அந்த அம்மா பழைய கதவுப் பலகை ஒன்றைப் போட்டு மூடி, அதன்மேல் துளசித் தொட்டியை வைத்திருந்தார், யாரும் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே என்று. "எழுதிக்கோப்பா, எழுதினதைப் படிச்சுக் காட்டு" என்றார். படித்துக் காட்டினேன். இப்படி 62 பக்கம் நிரம்பியது.

17-ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குப் பிரச்சாரம் முடிந்தது. ராத்திரி தேர்தல் பணிமனைக்குப் போனால் என் நோட்டை நடுவில் விரித்து வைத்து இரண்டு பையன்கள் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். முதல் கட்டத்தையும் இரண்டாவது கட்டத்தையும் மட்டும். எந்த வீட்டுக்கு எத்தனை கவர் என்பதற்கு அது வசதியாக இருந்ததாம். மூன்றாவது கட்டத்தை யாரும் பார்க்கவே இல்லை. நான் ஏதோ கேட்கப் போக, ஒரு பெரியவர் எழுந்து வந்து தோளில் கை போட்டு, "தம்பி, உங்க வேலை முடிஞ்சது, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார்.

இனி எந்தத் தேர்தலுக்கும் நான் போவதாக இல்லை. போகிறவர்கள் எதற்காகப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

வட்டப்பொறுப்பு:
நண்பரே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் நான் 23 வருஷமாகக் கட்சியில் இருப்பவன், எங்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

நீங்கள் 11 நாள் வந்தீர்கள். மீதி ஐந்து வருஷம் அந்தத் தெருவில் யார் இருந்தது? ராத்திரி ஒரு மணிக்குச் சாவு விழுந்தால் ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் போடுவது யார்? வாரிசுச் சான்றிதழுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் தாலுகா ஆபீஸில் நிற்பது யார்? எங்களை மாதிரி ஆட்கள்தான். எங்களுக்கும் யாரும் சம்பளம் தருவதில்லை. கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியதிலிருந்து இன்றுவரை கைக்காசுதான்.

இன்னொன்று, தன்னார்வலர் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் காலை பத்து மணிக்கு வந்து வெயில் ஏறினால் போய்விடுவார்கள். ஓட்டு கேட்கப் போன வீட்டில் நின்று அரை மணி நேரம் விவாதம் பண்ணி, வர இருந்த ஓட்டையும் கெடுத்துவிட்டு வருவார்கள். நீங்கள் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் பூத் ஏஜெண்டாக உட்காரச் சொல்லிப் பாருங்கள், பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள். விடியற்காலையே போய் மாதிரி வாக்குப்பதிவு பார்த்து, சாயங்காலம் மெஷினுக்குச் சீல் வைக்கும்வரை நாற்காலியை விட்டு நகராமல் உட்கார வேண்டும். 2022-ல் கடைசி ஒரு மணி நேரம் கொரோனா நோயாளிகளுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள், அப்போதும் உள்ளே உட்கார்ந்திருந்தது நாங்கள்தான்.

கவர் விஷயத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் எதிர்த்தரப்பு நேற்றே கொடுத்துவிட்டான் என்று தெரிந்த பிறகு வேட்பாளர் வீட்டில் என்ன நடக்கிறது என்பது வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மஞ்சள்பை:
வட்டப்பொறுப்பு அண்ணா, ஐந்து வருஷம் இருக்கிறவர்களைப் பற்றிச் சொன்னீர்கள். அதே ஐந்து வருஷமும் இருக்கிற பெண்களை என்ன பண்ணுகிறீர்கள்?

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு கொடுத்தாயிற்று. நான் வேலை பார்த்தது அப்படிப்பட்ட ஒரு பெண்கள் வார்டில். வேட்பாளர் நல்ல விவரமான பெண்மணி, மகளிர் குழுவில் பத்து வருஷம் கணக்கு எழுதியவர். ஆனால் எந்த வீட்டில் என்ன கேட்டாலும் பதில் சொன்னது அவர் கணவர். ஒரு வீட்டில் ஒரு பாட்டி, "நீ பேசும்மா, உனக்குத்தானே ஓட்டு போடணும்" என்றே சொல்லிவிட்டார். அப்போதும் கணவர்தான் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

எங்களுக்குக் கொடுத்த வேலை ஆரத்தித் தட்டு. நான் எம்.காம். படித்தவள், வாக்காளர் பட்டியலைப் பாகம் பாகமாக எக்செல்லில் போட்டுத் தருகிறேன், செத்தவர்கள், வீடு மாறிப் போனவர்கள் யார் யார் என்று பிரித்துத் தருகிறேன் என்றேன். "அதெல்லாம் பசங்க பார்த்துப்பாங்கம்மா, நீங்க பத்து லேடீஸைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். வாக்குப்பதிவு அன்று பட்டியலில் பெயர் இல்லாமல் ஒரு குடும்பமே நான்கு பேராகத் திரும்பிப் போனது. அவர்கள் பெயர் அடுத்த பாகத்தில் இருந்தது. மத்தியானம் வீட்டுக்கு வந்து நான் தேடிப் பார்த்தபோது பத்து நிமிஷத்தில் கிடைத்தது. அதற்குள் அவர்கள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள்.

அப்புறம் இதை யாரும் பேசுவதில்லை, நானே சொல்கிறேன். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மத்தியானம் ஒரு மணி வரை பெண்களுக்குப் பாத்ரூம் போக இடம் கிடையாது. தண்ணீர் குடிக்காமலே நடந்தோம். மூன்றாம் நாள் ஒரு அக்காவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். அவருக்குப் பதில் இன்னொரு ஆள் கேட்டார்களே தவிர, எப்படி இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

வட்டப்பொறுப்பு:
மேடம், பாத்ரூம் விஷயம் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். வழியில் கட்சிக்காரர் வீடு இரண்டை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் முடிந்திருக்கும். எங்கள் வார்டிலும் அதைச் செய்யவில்லை. கணவர் பேசுவது பற்றி என்னிடம் பதில் இல்லை.

நான்குசீட்டு:
நீங்கள் எல்லாம் நகரத்துக்காரர்கள். தேர்தல் முடிந்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம். எங்களுக்கு அது கிடையாது.

நான் புதுக்கோட்டைப் பக்கம். 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் 27 மாவட்டத்தில் நடந்ததே, அதில் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்ற ஒரு பையனுக்காக வேலை பார்த்தேன். தலைவர் பதவிக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது என்று சட்டம். ஆனால் யார் எந்தக் கட்சி என்று ஊரில் ஆட்டுக்குட்டிக்குக்கூடத் தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் பங்காளியா மாமன் மச்சானா என்பது. நான் பங்காளியை விட்டுவிட்டு வேறு தெருப் பையனுக்கு ஓட்டு கேட்டேன். என் சித்தப்பா வீட்டில் அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவர் பேத்திக்குக் காது குத்தினார்கள், எனக்குப் பத்திரிகை வரவில்லை. ஒரே சந்து, என் வீட்டுத் திண்ணையில் இருந்து பந்தல் தெரிந்தது.

வேலை என்று பார்த்தால், ஒரு ஆளுக்கு நான்கு ஓட்டுச் சீட்டு. வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். வயசானவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதே பெரிய வேலை. என் பாட்டி வயசு ஆட்களை உட்கார வைத்து, கலர்த் தாளை நானே வெட்டி எடுத்துக்கொண்டு போய், இதில் குத்து, இப்படி மடி, மை அடுத்த சின்னத்தில் ஒட்டாமல் மடி என்று காட்டினேன். பத்து நாள் ராத்திரி அதுதான் வேலை. அதில் எனக்கு வருத்தமே இல்லை, உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது.

தோற்றுவிட்டோம். ஆனாலும் ஏரிக்கரைத்தெரு நண்பர் சொல்வதோடு எனக்கு உடன்பாடு இல்லை. இனிமேல் போகமாட்டேன் என்று நீங்கள் ஒதுங்கினால் அந்த இடத்துக்கு யார் வருவார்கள்? கவர் எண்ணுகிற பையன்கள்தான் வருவார்கள். எங்கள் மாதிரி மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ல் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலரைப் போட்டார்கள். தேர்ந்தெடுத்த ஆள் இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஒரு தெருவிளக்கு எரியவில்லை என்றால் சட்டையைப் பிடித்துக் கேட்க ஊரில் ஆள் இல்லை. பிடிக்காத தலைவராக இருந்தாலும் அவர் வீடு எங்கே என்று தெரியுமே.

ஏரிக்கரைத்தெரு:
நான்குசீட்டு அண்ணே, உங்களுக்கு நடந்ததைப் படித்தபோது என் கஷ்டம் சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கலர்த் தாளை வெட்டிக் காட்டியது ஓட்டு செல்லாமல் போகக் கூடாது என்பதற்காக. நான் எழுதியதை எதற்குப் பயன்படுத்தினார்கள்? ஓட்டுக்குப் பணம் கொடுப்பது சட்டப்படி லஞ்சம், ஓராண்டு வரை சிறை. அதற்கான பட்டியலை என் கையெழுத்திலேயே நான் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. துளசித் தொட்டி வீட்டு அம்மா என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்? மத்தியானம் வந்து பிரச்சினை என்ன என்று கேட்ட பையன், ராத்திரி வரப்போகிற கவருக்குத்தான் கணக்கெடுத்தான் என்றுதானே?

வட்டப்பொறுப்புக்கு: எதிர்த்தரப்பு கொடுத்தான், அதனால் நாங்களும் கொடுத்தோம் என்பதை 2009 திருமங்கலம் இடைத்தேர்தலில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். 2017-ல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே பணத்துக்காக ரத்து செய்தார்கள், 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலை ரத்து செய்தார்கள். மாநகராட்சி வார்டு வேட்பாளர் செலவுக்கு 2022-ல் வரம்பு 85,000 ரூபாய், சென்னையில் 90,000. எங்கள் வார்டில் முதல் நாள் பட்டாசுக்கும் மாலைக்கும் பிரியாணிக்குமே அதில் பெரும்பகுதி போயிருக்கும். கணக்கு எழுதித் தரும் இடத்தில் ஒரு எண், நடக்கிற இடத்தில் வேறு எண். இதற்கு நடுவில் தன்னார்வலருக்கு என்ன இடம் இருக்கிறது, சொல்லுங்கள்.

வட்டப்பொறுப்பு:
இடம் இருக்கிறது. நீங்கள் கேட்டுப் பெற வேண்டும், அல்லது உள்ளே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். வேட்பாளர் யார் என்று முடிவாகும் கூட்டத்தில் நீங்கள் இல்லை, நான் இருந்தேன். எங்கள் வார்டில் பணம் இருக்கிறவருக்கு சீட் என்று வந்தபோது நான் எழுந்து பேசினேன். தோற்றேன், அது வேற விஷயம். ஆனால் பேச ஒரு நாற்காலி இருந்தது. கடைசிப் பத்து நாள் மட்டும் வருகிறவருக்கு அந்த நாற்காலி கிடையாது. நீங்கள் கோபப்பட்டாலும் இதுதான் நிலைமை.

மஞ்சள்பை:
பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் நாற்காலி இருந்ததா அண்ணா? எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்?

வட்டப்பொறுப்பு:
இரண்டு பேர். பேசவில்லை.

மஞ்சள்பை:
பேசவில்லையா, பேசச் சொல்லவில்லையா?

கூரைத்தண்ணீர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் எந்த வேட்பாளருக்கும் வேலை பார்த்ததில்லை, பார்க்கவும் மாட்டேன், ஏரிக்கரைத்தெரு முடிவு சரி என்றே நினைக்கிறேன். தேர்தலுக்கு வெளியே இடம் இருக்கிறது. வார்டு குழு, ஏரியா சபை (வார்டுக்குள் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டம்) விதிகள் 2022-லேயே வந்துவிட்டன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று எங்கள் பகுதியில் ஏரியா சபை நடந்தபோது போனேன். சாமியானா போட்டு இருபது முப்பது பேர்தான் வந்திருந்தார்கள். கவுன்சிலர், ஒரு இன்ஜினியர், மினிட்ஸ் எழுத ஒரு ஆள். நான் எங்கள் மழைநீர் வடிகால் பற்றிச் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன், படித்தார்கள். வேலை நடக்க எட்டு மாசம் ஆனது, நான்கு முறை போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஆனால் நடந்தது. யாருக்கும் கொடி பிடிக்கவில்லை, யாரும் என்னை வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

நான்குசீட்டு:
அந்தக் கவுன்சிலர் உட்கார்ந்திருந்தார் அல்லவா, அவர் எப்படி வந்தார்? யாரோ நாலு பேர் வெயிலில் நடந்துதான் வந்தார். நடந்தவர்களில் ஒருவராவது உங்களை மாதிரி ஆளாக இருந்திருந்தால் எட்டு மாசம் ஆகியிருக்காது என்பதுதான் நான் சொல்வது.

வட்டப்பொறுப்பு:
ஏரிக்கரைத்தெரு, ஒன்று கேட்கிறேன். அந்த நோட்டு இப்போது எங்கே?

ஏரிக்கரைத்தெரு:
என்னிடம்தான். அன்று ராத்திரியே கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் சீட்டு எழுதி முடித்திருந்தார்கள், அதனால் தடுக்கவில்லை.

அவர் ஜெயித்தாரா என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. ஜெயித்தார். பார்த்தால் இன்றும் நின்று நலம் விசாரிப்பார், நானும் பேசுவேன். நோட்டைப் பற்றி அவர் கேட்டதில்லை, நானும் கொடுக்கவில்லை. இப்போது எழுதும்போதுதான் இந்த இரண்டாவது பாதி எனக்கே உறைக்கிறது.

நேற்று எடுத்துப் பார்த்தேன். 14-ஆம் பக்கத்தில் இருக்கிறது அந்த அம்மா வீடு. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், பலகை மாறியிருக்கிறது, இப்போது தகரம். மேலே துளசித் தொட்டி அப்படியே இருக்கிறது.

கூரைத்தண்ணீர், ஏரியா சபையில் பேச முன்கூட்டியே பெயர் கொடுக்க வேண்டுமா, நேராகப் போனால் போதுமா?