மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் உங்கள் முதல் வேட்டை எது?

மல்லேஸ்வரம் பேரன்:
அனைவருக்கும் வணக்கம். தளிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்விக வீட்டில் தாத்தா உரிமத்துடன் வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டித்துச் சுடும் பழைய வகை. தாத்தா அண்மையில் காலமானார். அதில் அவர் முதன்முதலாக வீழ்த்தியது எது என்று கேட்டு வைக்காமல் போனோமே என்று அம்மா வருந்துகிறார். சட்டம் அனுமதித்த காலத்திலோ, அனுமதிக்கும் நாட்டிலோ இவ்வகைத் துப்பாக்கியால் வேட்டையாடிய பெரியவர்கள் பெங்களூரில் இருந்தால், தங்கள் முதல் வேட்டையைச் சற்று விரிவாக எழுத வேண்டுகிறேன்.

அல்சூர் பெரியவர்:
தம்பி, உங்கள் தாத்தா நடந்த காடுகளில்தான் நானும் நடந்திருக்கிறேன். 1960களின் பிற்பகுதியில், விடுமுறை நாள்களில் அல்சூரிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு என் தாய்மாமா வீட்டுக்குப் போய்விடுவேன். என் முதல் வேட்டை ஒரு முயல். ராகி அறுத்த கொல்லையின் ஓரத்தில், ஆவாரம் புதருக்கு அடியில் காதை மடக்கிப் படுத்திருந்தது.

துப்பாக்கியைக் கெட்டிக்கும் முறையை மாமா ஒரு வழிபாடு போலக் கற்றுக்கொடுத்தார். முதலில் அளவுக் குப்பியால் கருமருந்தை அளந்து குழலில் கொட்ட வேண்டும். அதன்மேல் தேங்காய் நாரை உருட்டி வைத்துக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ரவை எனப்படும் சிறு ஈயக் குண்டுகள், அவை உருண்டு வெளியே விழாமலிருக்க மறுபடியும் கொஞ்சம் நார். விசையை இழுத்ததும் வந்து அடிக்கும் சுத்தியல் போன்ற குதிரைக்கு அடியில், அடிபட்டதும் பொறி தரும் ‘கேப்’ என்ற சிறு உலோக மூடியைப் பொருத்துவது எப்போதும் கடைசியில், அதுவும் குழலைக் காட்டுப் பக்கம் திருப்பிய பிறகுதான். இடித்த கம்பி நார் இறுகியபின் கையில் எகிறும். அந்த எகிறலை வைத்தே கெட்டிப்பு சரியா என்று மாமா சொல்லிவிடுவார்.

இவ்வளவும் முடிந்தால் கிடைப்பது ஒரே ஒரு வெடி. மறுபடி கெட்டிப்பதற்குள் முயல் அடுத்த ஊருக்கே போயிருக்கும் என்பதால், நிச்சயமில்லாமல் விசையைத் தொடக்கூடாது என்பது மாமாவின் கண்டிப்பு. ஏறக்குறைய முப்பது தப்படி தூரம் வரை காற்றுக்கு எதிராக ஊர்ந்து சென்று சுட்டேன். வெள்ளைப் புகை முகத்துக்கு எதிரே திரைபோல் நின்றுவிட்டதால், பட்டதா படவில்லையா என்றே தெரியவில்லை. புகை கலைந்து முயலைப் பார்த்தபோது மகிழ்ச்சியும் துக்கமும் ஒன்றாக வந்தன. அன்றிரவு சாப்பாட்டுக்கு முன்பே குழலைக் கொதிக்கும் நீரால் கழுவி எண்ணெய் போடச் சொன்னார் மாமா. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை விரைவில் அரித்துவிடும்.

ஒயிட்ஃபீல்டு வாசி:
பெரியவர் எழுதியதைப் படித்தபோது எனக்கு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் நினைவுக்கு வந்தது. அங்கே பணியில் இருந்த காலத்தில் உரிமம் பெற்று வேட்டையாடினேன். 1974 முதல் அம்மாநிலத்தில் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கென்றே ஒரு மான் வேட்டைப் பருவம் உண்டு. அது வழக்கமாகக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்குகிறது. கேப் வைத்துச் சுடும் துப்பாக்கிக்கு அப்பருவத்தில் இடமில்லை, தொலைநோக்கி பொருத்தவும் கூடாது.

இவ்வகையில் விசையை இழுத்ததும் கல் இரும்பில் உரசி, வெளிக் கிண்ணத்திலுள்ள மருந்து முதலில் பற்றி, அந்தத் தீ சிறு துளை வழியாக உள்ளே சென்ற பிறகே குண்டு புறப்படும். அந்த நொடிப்பொழுதில் கண்ணெதிரே தீ பளிச்சிட்டாலும் குறி அசையக்கூடாது. துப்பாக்கிக்காரனின் தேர்ச்சி முழுவதும் அங்கேதான் தெரியும். என் முதல் மான் கொம்பில்லாத வெண்வால் பெண் மான். பனி பெய்து கொண்டிருந்ததால் கிண்ணத்து மருந்து நனையாதிருக்க அதைத் தோல் உறையால் மூடிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தேன். எண்ணெயிட்ட துணியில் பொதிந்த ஈய உருண்டை ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஜெயநகர் வழக்கறிஞர்:
மல்லேஸ்வரம் நண்பருக்கு ஒரு செய்தி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, உரிமதாரர் இறந்தால் வாரிசுகள் காலம் தாழ்த்தாமல் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு உங்கள் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். துப்பாக்கி உரிமம் பெறுவதிலிருந்து குடகர்களுக்கு 2029 வரை நீட்டிக்கப்பட்டுள்ள விலக்கைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ஆயுத உரிமத்துக்கு மட்டுமே உரியது. வேட்டையைத் தடைசெய்யும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும்.

அல்சூர் பெரியவர்:
ஒப்படைப்பதற்கு முன் இன்னொன்றும் உண்டு, தம்பி. இத்தகைய பழைய துப்பாக்கிகள் பல வீடுகளில் கெட்டித்தபடியே பரணில் கிடக்கும். மருந்து காய்ந்த நிலையில் இருந்தால் பல ஆண்டுகள் கழித்தும் வெடிக்கும். விசையையோ குதிரையையோ தொடாமல், முகத்தைக் குழல் வாய்க்கு நேரே கொண்டு போகாமல், கம்பியை உள்ளே விட்டு அது நிற்கும் இடத்தில் அடையாளமிடுங்கள். பிறகு அதே கம்பியைக் குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். கேப் பொருத்தும் முனை வரை எட்டாமல் சில விரற்கடை குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அதை நீங்களே தோண்டி எடுக்காதீர்கள். துப்பாக்கியை இடம் மாற்றாமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள், அனுபவமுள்ள துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரை வைத்து அவர்கள் எடுக்கச் செய்வார்கள்.