பிரெயில் நோட்டேக்கரா, லேப்டாப்புடன் பிரெயில் டிஸ்ப்ளேயா?

கேள்வி

வணக்கம். பார்வையற்ற மாணவி ஒருவர் இளங்கலைப் பொருளியல் சேர்கிறார். பிரெயிலில் வேகமாக வாசிப்பார். பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெயில் தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கை. கணினியில் பேச்சைக் கேட்டு ஓரளவு தட்டச்சு செய்வார், அவ்வளவுதான். வாங்கித் தருபவர்களால் ஒரு முறைதான் பணம் ஒதுக்க முடியுமாம். 32 செல் (ஒரு செல் என்பது ஒரு பிரெயில் எழுத்துக்கான இடம்) நோட்டேக்கர், அதாவது பிரெயில் வரியும் விசைகளும் கொண்ட தனிக் கணினி வாங்குவதா, சாதாரண லேப்டாப்போடு 40 செல் டிஸ்ப்ளே, அதாவது திரையில் உள்ளதை விரலுக்குப் பிரெயிலாகத் தரும் கருவி வாங்குவதா? பாடங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். எக்செல் கட்டாயம்.

மறுமொழி 1

எக்செல் கட்டாயம் என்ற ஒரு வரியே போதும்: லேப்டாப்பும் டிஸ்ப்ளேயும் வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் பணத்தில் பெரும்பகுதி பிரெயில் வரிக்குத்தான் போகிறது. ஒரு செல்லுக்கு 8 ஊசி, 40 செல்லுக்கு 320. பெரும்பாலான டிஸ்ப்ளேக்களில் ஒவ்வொரு ஊசியையும் மின்னழுத்தத்தில் வளையும் ஒரு பீசோ பட்டை தூக்கி இறக்குகிறது. கை கழுவித் துடைத்துவிட்டுத் தொட்டால், மூடி வைத்தால், அந்த வரி பல வருடம் உழைக்கும். கணினிப் பகுதிக்கு அந்த ஆயுள் கிடையாது. பிரெயில்நோட் டச் பிளஸ் என்ற நோட்டேக்கர் ஓடுவது ஆண்ட்ராய்டு 8.1இல், அந்தப் பதிப்பு வந்தது 2017இல். ஊசிகள் நன்றாக இருக்கும்போதே உள்ளே இருக்கும் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும். தனித்தனியாக வாங்கினால் லேப்டாப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

டிஸ்ப்ளே வாங்கும்போது ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அதற்கே எழுதும் வசதியும் நினைவகமும் உண்டா? ஃபோகஸ் 40 ஐந்தாம் தலைமுறை, பிரெய்லியன்ட் பிஐ 40எக்ஸ் இரண்டிலும் உண்டு. வகுப்பில் லேப்டாப்பைத் திறக்காமலே மடியில் வைத்துக் குறிப்பெடுத்து, பிறகு கோப்பைக் கணினிக்கு மாற்றலாம்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கணிதத்தை யாரும் பேசவில்லை. பொருளியலில் வகையிடல், அணிகள் எல்லாம் வரும். பிரெயில்நோட் டச் பிளஸ்ஸில் கீமேத் என்ற வசதி இருக்கிறது. கணிதத்துக்கான நெமத் பிரெயில் குறியீட்டில் எழுதினால் திரையில் ஆசிரியர் பார்க்கும் வடிவில் சமன்பாடு வந்துவிடும். லேப்டாப்பில் வாசிப்பது கடினமில்லை; என்விடிஏ என்ற திரைவாசிப்பானில் (திரையில் உள்ளதைப் பேச்சாகவும் பிரெயிலாகவும் தரும் மென்பொருள்) மேத்கேட் என்ற கணித வசதி இருந்தால் சமன்பாட்டை நெமத்திலேயே விரலில் தரும். எழுதுவதுதான் சிரமம். சமன்பாட்டைக் கட்டளைகளாகத் தட்டும் லேட்டெக் கற்க வேண்டும், அல்லது வேர்டின் சமன்பாட்டுப் பெட்டியில் வரிவடிவமாகத் தட்ட வேண்டும். அதற்கு ஒரு பருவமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எக்செல்லிலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முழு வரிசையும் விரலுக்கு வராது. நிற்கும் கட்டத்தின் மதிப்பும் அதன் இடமும், "1250 பி7" என்பது போல, அவ்வளவுதான் வரும். அம்புக்குறியால் நகர்ந்துகொண்டே தலைப்புகளை மனதில் வைத்திருக்கும் பழக்கம் வேண்டும். இதைக் கல்லூரி திறப்பதற்கு முன்பே பழக்காவிட்டால் முதல் மாதமே தடுமாறுவார்.

பள்ளிப் பிள்ளை என்றால் தயங்காமல் நோட்டேக்கர் என்பேன். பொத்தானை அழுத்தியதும் விட்ட இடத்தில் நிற்கும். விண்டோஸ் அப்டேட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். பொருளியல் பட்டத்துக்கு அது தனியாகப் போதாது.

மறுமொழி 3

லேப்டாப் என்று முடிவானால் முதல் நாளே சரிசெய்ய வேண்டியவை.

என்விடிஏ இலவசம். கன்ட்ரோல் + என்விடிஏ விசை (வழக்கமாக இன்சர்ட்) + ஏ அழுத்தினால் டிஸ்ப்ளே தேர்வுப் பெட்டி வரும். முதலில் யூஎஸ்பியில் இணைத்துப் பாருங்கள். புளூடூத் என்றால் விண்டோஸில் ஜோடி சேர்த்த பிறகுதான் இங்கே வர வேண்டும். லேப்டாப் தூங்கி எழுந்ததும் புளூடூத் இணைப்பு அறுந்து வரி வெறுமையாக நின்றால் பயப்பட வேண்டாம், அதே பெட்டியில் மறுபடி தேர்ந்தெடுத்தால் போதும். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானும் பின்னணியில் ஓடினால் அது டிஸ்ப்ளேயைப் பிடித்துக்கொண்டு என்விடிஏவுக்கு விடாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான்.

தமிழில் அதிகம் பேர் சிக்குவது அட்டவணையில், அதாவது எந்தப் பிரெயில் புள்ளிகள் எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலில். வெளியீட்டு அட்டவணை வேறு, உள்ளீட்டு அட்டவணை வேறு; இரண்டையும் மாற்ற வேண்டும். மழை என்று அடிக்க 134 (அதாவது 1, 3, 4 ஆம் புள்ளிகள்), பிறகு 12356, பிறகு 34. உள்ளீடு சுருக்க ஆங்கில பிரெயிலில் இருந்தால் ழ 'ஓஎஃப்' ஆகிவிடும், ஐகாரம் 'எஸ்டி' ஆகிவிடும். திரையில் 'எம்ஓஎஃப்எஸ்டி' என்று நிற்கும். விரல் சரியாகத்தான் அடித்திருக்கும், பிழை அட்டவணையில். ஆங்கிலத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று என என்விடிஏவில் இரண்டு அமைவு வடிவங்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு விசைச் சேர்க்கை கொடுத்துவிட்டால் தினமும் மெனுவுக்குள் போகும் வேலை மிச்சம்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு எந்தச் சாதனத்திலும் வாசிக்காது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், கண்ணுக்கு மட்டும்தான் தமிழ். யூனிகோடுக்கு மாற்றித் தரும்படி ஆசிரியர்களிடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது.

கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. கணிதம் பற்றி யோசிக்கவே இல்லை. பணம் குறைந்தால் 20 செல் டிஸ்ப்ளே போதுமா?

மறுமொழி 3

குறிப்பெடுக்க, கதை வாசிக்கப் போதும். பாடப்புத்தகத்துக்குக் கஷ்டம். பிஆர்எஃப் எனும் பிரெயில் கோப்புகள் வழக்கமாக வரிக்கு 40 செல் என்று அமைத்தவை. 20 செல்லில் ஒவ்வொரு வரியும் இரண்டாக உடையும், 32 செல்லில் 32 போக மீதி 8 தனியாகத் தொங்கும். அட்டவணைகளில் பத்திகள் கலைந்துவிடும். 40 செல் வாங்க முடியாவிட்டால் லேப்டாப்பில் குறையுங்கள், டிஸ்ப்ளேயில் குறைக்காதீர்கள். வேர்டு, எக்செல், என்விடிஏ ஓடப் பழைய லேப்டாப்பே போதும். 8 ஜிபி நினைவகமும் எஸ்எஸ்டியும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.