308 துவக்குக்கு எந்த ரவை? போன வருடம் ஒரு மானைக் காயப்படுத்திவிட்டேன்

கோண்டாவிலான்:

வணக்கம். அம்மாவின் ஆட்டைத்திவசத்துக்காக ஊருக்கு வந்து கோண்டாவிலில் நிற்கிறேன். ஒக்டோபர் கடைசியில் திரும்பக் கனடா, ஒன்ராறியோ. போய் ஒரு கிழமையில் மான் சீசன் தொடங்கிவிடும். கடையில் போய் நின்று யோசிக்க நேரம் இருக்காது. எந்த ரவை (தோட்டா) வாங்குவது என்பதை இங்கிருந்தே முடிவெடுக்கப் பார்க்கிறேன்.

என்னிடம் இருப்பது 308 வின்செஸ்ரர் துவக்கு, 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிற ஸ்கோப். வேட்டைக்குப் போகத் தொடங்கி இது நாலாவது வருடம். முதல் இரண்டு வருடமும் 150 கிரெய்ன் (சன்னத்தின், அதாவது பறந்து போய்ப் படுகிற முனையின் பாரம்) சொஃப்ற் பொயின்ற் ரவைதான், நுனியில் ஈயம் தெரிகிற, பட்டதும் விரிகிற வகை. வருடத்துக்கு ஒரு மான், ஒவ்வொன்றுக்கும் ஒரே வெடி. போன வருடம் கடையில் அது முடிந்துவிட்டது, 180 கிரெய்ன்தான் இருந்தது. பாரம் கூடினால் அடியும் கூடும் என்று நினைத்து வாங்கினேன்.

பாரி சவுண்ட் பக்கம், காலை ஏழரை மணி. 120 யார் தூரத்தில் மான் பக்கவாட்டாக நின்றது. முன்னங்காலுக்குப் பின்னால், நெஞ்சின் கீழ்ப் பாதியில் குறி வைத்துச் சுட்டேன். துள்ளிவிட்டு ஓடியது. நின்ற இடத்தில் பனியின் மேல் ஒரு பிடி வெள்ளை மயிர், நாலைந்து சொட்டு இரத்தம். 400 யார் வரைக்கும் தடம் பார்த்துப் போனோம். அதற்கு அங்கால் சதுப்பு. இரத்தமும் நின்றுவிட்டது. அடுத்த நாள் மூன்று பேராகத் தேடினோம், கிடைக்கவில்லை.

வெடிச் சத்தத்துக்குப் பயந்து பங்கருக்குள் கிடந்து வளர்ந்தவன் நான். ஒரு உயிரை அரைகுறையாகக் காயப்படுத்தி அனுப்பியது ஒரு வருடமாக மனதை விட்டுப் போகவில்லை.

180தான் பிழையா? 150க்கே திரும்பிப் போவதா? ஈயம் இல்லாத முழுச் செப்புச் சன்னம் நல்லது என்கிறார்கள், அது உண்மையா? வீட்டில் நாலு வயது மகளும் இந்த இறைச்சி சாப்பிடுகிறாள்.

*

தென்மராட்சியான்:

தம்பி, சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். 24 வருடம் ஒன்ராறியோவில் மான் வேட்டைக்குப் போனேன். ஓய்வு எடுத்துக்கொண்டு வீட்டோடு வந்து மூன்று வருடம்.

ரவையைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த வெள்ளை மயிரைப் பற்றிக் கதைப்போம். வெள்ளைவால் மானின் விலாவில் நவம்பர் மாதம் இருப்பது சாம்பல் கலந்த மண்ணிற மயிர், நுனி கறுத்திருக்கும். வெள்ளை மயிர் வயிற்றிலும் நெஞ்சடியிலும்தான். நுரையீரலில் பட்டிருந்தால் இரத்தம் வெளிர் சிவப்பாக, நுரைத்துக் கிடந்திருக்கும். குடலில் பட்டிருந்தால் பச்சைக் கழிவும் நாற்றமும் இருந்திருக்கும். நீங்கள் இரண்டையும் சொல்லவில்லை. கொஞ்ச இரத்தம், அதுவும் 400 யாரில் நின்றுவிட்டது. என் அனுபவத்தில் இது நெஞ்சடியை உரசிக்கொண்டு போன சன்னம். அப்படிப்பட்ட மான் பல நேரம் பிழைத்துக்கொள்ளும். உங்களைத் தேற்ற வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. அடுத்த வருடம் நெஞ்சடியில் ஆறிய தழும்போடு வந்த மானை நானே உரித்திருக்கிறேன்.

சரி, ஏன் கீழே போனது? 180ஐ வாங்கிய பிறகு, சுட்டுப் பழகுகிற ரேஞ்சுக்குப் போய் ஸ்கோப்பை மறுபடி சரிபார்த்தீர்களா? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை, ஆகவே போகவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். நம் ஆட்கள் பலரும் விடுகிற பிழை இதுதான். என் 308இல் 150ஐ 100 யாருக்குச் சரியாக வைத்துவிட்டு அப்படியே 180ஐச் சுட்டால், மூன்று விரல் கீழேயும் ஒரு விரல் இடப்பக்கமும் போய்ப் படும். பாரத்தால் விழுகிற வித்தியாசம் 120 யாரில் ஏறக்குறைய அரை அங்குலம்தான். மிச்சம் குழலின் வேலை. வெடிக்கும்போது குழல் அதிரும், ஒவ்வொரு ரவைக்கும் ஒவ்வொரு விதமாக அதிரும், சன்னம் வெளியேறுகிற கணத்தில் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் போகும். உங்கள் துவக்கில் அது எவ்வளவு என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். நீங்கள் நெஞ்சின் கீழ்ப் பாதியில் வேறு குறி வைத்திருக்கிறீர்கள். அங்கிருந்து மூன்று விரல் இறங்கினால் நெஞ்சடிதான்.

இப்போது பாரக் கணக்கு. கிரெய்ன் என்றதும் தடுமாறுகிறவர்களுக்கு நான் தங்கப் பவுணில் சொல்லுவேன். ஒரு பவுண் 8 கிராம். 150 கிரெய்ன் 9.7 கிராம், ஒரு பவுணுக்குக் கொஞ்சம் கூட. 180 கிரெய்ன் 11.7 கிராம், ஒன்றரைப் பவுணுக்குச் சற்றுக் குறைய. பெட்டியில் போட்டிருக்கிற வேகத்தைப் பாருங்கள்: சாதாரண 150க்கு வினாடிக்கு 2820 அடி, 180க்கு 2620 அடி. வெள்ளைவால் மான் பெரிய மிருகம் இல்லை, நெஞ்சும் தடிப்பில்லை. அதற்குள் சன்னம் உடனே விரிய வேண்டும். 150 அதைச் செய்யும். மூஸ் என்கிற மிகப் பெரிய மான் இனம் என்றால் கதை வேறு. ஜோன் நொஸ்லர் என்பவர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனபோது, சன்னம் உள்ளே இறங்காமல் மேலேயே சிதறியதைப் பார்த்துத்தான் நடுவில் செப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் சன்னத்தைச் செய்தார். மூஸின் தோள் எலும்பு அப்படி. மானுக்கு அந்தத் தேவை இல்லை.

நான் மானிலிருந்து எடுத்த சன்னங்களை ஒரு ஜாம் போத்தலில் போட்டு வைத்திருந்தேன். ஒன்று நல்ல ஞாபகம். றெமிங்ரன் கோர்-லொக்ற், 150 கிரெய்ன், 80 யாரில் சுட்டது. ஒரு பக்கத்து விலாவால் போய், நுரையீரல் இரண்டையும் கடந்து, மறுபக்கத் தோலுக்கு உள்ளே விறைப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பக்கம் காளான் குடை போல விரிந்து, செப்பு உறை நாலு இதழாகப் பின்னுக்கு மடிந்திருந்தது. நடுவில் ஈயம் வெள்ளி மாதிரி மினுங்கியது. மனைவியின் நகைத் தராசில் வைத்தேன், 6.3 கிராம். முக்கால் பவுண். போகும்போது ஒன்றேகால் பவுணுக்குக் கிட்ட இருந்தது. அந்த மான் 40 யார் கூட ஓடவில்லை. கோர்-லொக்ற் 1939இலிருந்து விற்கிற பழைய சரக்கு. கடையில் அதிகம் விலை போட்டு நிற்கிற புதுப் பெட்டிகளைப் பார்த்து மயங்கத் தேவையில்லை.

ஈயத்தை நுனி வரைக்கும் உறை மூடிய, ரேஞ்சில் பழகுகிற ரவையை மட்டும் காட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். விலை குறைவு என்று சிலர் கொண்டு போகிறார்கள். விரியாமல் ஊசி மாதிரித் துளைத்துக்கொண்டு போகும், மிருகம் வெகுநேரம் வேதனைப்படும்.

*

மாங்குளத்தான்:

பாரம் கூடினால் நல்லது என்கிற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? என் அப்பா வயல் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு பன்னிரண்டு போர் (12 bore) துவக்கு வைத்திருந்தவர். பன்றிக்குப் பெரிய குண்டுகள் போட்ட எஸ்.ஜி. தோட்டா, சின்னதுக்குச் சின்னக் குண்டு. பெரிய மிருகம் என்றால் பெரிய குண்டு, அவ்வளவுதான் கணக்கு. முப்பது யாருக்குள் குண்டுகள் சேர்ந்து போய்ப் படுகிற சொட்கண்ணுக்கு அது சரி. ஒற்றைச் சன்னம் போகிற துவக்குக்கு அந்தக் கணக்கை வைக்க முடியாது.

இதை வாசிக்கிற ஊர்ப் பெடியளுக்கு ஒன்று. இங்கே மானும் மரையும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகிற மிருகங்கள். அண்ணை சொல்வது அந்த நாட்டுக் காட்டுக்கு, அந்த நாட்டு அனுமதிக்கு. மான் பார்க்க ஆசை என்றால் திருகோணமலைக் கோட்டை வாசலுக்குப் போங்கள், கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

*

நல்லூர் அக்கா:

துவக்கைப் பற்றி எனக்குத் தெரியாது. என் கணவர் பதினைந்து வருடம் வேட்டைக்குப் போனவர். கொண்டுவருவதை வெட்டிக் கறியாக்கினது நான். அதனால் மகளைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் நான் சொல்கிறேன்.

ஒரு முறை தோள் இறைச்சிக் குழம்பில் சின்ன மகனின் பல்லில் ஏதோ கடிபட்டது. துப்பிப் பார்த்தால் மிளகில் பாதி அளவு ஈயத் துண்டு. வெடி பட்ட இடத்தை நன்றாக வெட்டிக் கழித்துத்தான் சமைத்திருந்தேன். கண்ணுக்குத் தெரிகிற துண்டைத் துப்பலாம், தெரியாத தூளை என்ன செய்வது? அது காயத்தைச் சுற்றிய நல்ல இறைச்சிக்குள்ளும் போயிருக்கும். 2008இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த அரைத்த மானிறைச்சியில் ஈயத் துணுக்கு இருந்ததைக் கண்டு, அதைக் கொடுக்க வேண்டாம் என்று மாநிலமே அறிவித்தது. கலிபோர்னியாவில் 2019 ஜூலையிலிருந்து வேட்டைக்கு ஈய ரவையே கூடாது. வளர்கிற பிள்ளையின் மூளைக்கு ஈயம் ஆகாது, கர்ப்பிணிக்கும் ஆகாது. மகனின் பல்லில் கடிபட்ட அந்த நாளில் இருந்து எங்கள் வீட்டில் முழுச் செப்புத்தான். விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருடத்துக்கு இரண்டு வெடி வைக்கிற மனிதருக்கு அது ஒரு செலவா?

*

கோண்டாவிலான்:

அண்ணை, அக்கா, தம்பி மாங்குளம், எல்லோருக்கும் நன்றி. அண்ணை கேட்டது உண்மை. 180ஐ வாங்கின பிறகு நான் ரேஞ்சுக்குப் போகவே இல்லை. பெட்டியை உடைத்து மகசீனில் போட்டுக்கொண்டு நேரே காட்டுக்குப் போனேன். அக்கா சொன்னதை வாசித்த பிறகு செப்புக்கே மாற முடிவெடுத்துவிட்டேன். செப்பில் எத்தனை கிரெய்ன்?

*

தென்மராட்சியான்:

அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. என் காலத்தில் இதை யோசிக்காமல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்பது எனக்கும் கவலைதான். செப்புக்கே போங்கள்.

செப்பு ஈயத்தை விட இலேசு, ஆகவே அதே பாரத்துக்குச் சன்னம் நீளும். உடையாமல் கிட்டத்தட்ட முழுப் பாரத்தோடும் உள்ளே போகும், ஆனால் விரிவதற்கு வேகம் வேண்டும். அதனால் செப்பில் பாரத்தைக் கூட்டாமல் குறைக்க வேண்டும். 150 போதும், 130 கிடைத்தாலும் எடுக்கலாம். இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி வாங்குங்கள். போவதற்கு முன் குழலை நன்றாகத் துடைத்துப் பழைய செப்புக் கறையை எடுங்கள். 100 யாரில், மேசையில் மணல் பை வைத்து, மூன்று மூன்றாகச் சுடுங்கள். ஒவ்வொரு மூன்றுக்கும் இடையில் குழல் ஆற வேண்டும், கையை வைத்தால் சூடு தெரியக்கூடாது. எது நெருக்கமாக விழுகிறதோ அதுதான் உங்கள் துவக்குக்கு விருப்பமான ரவை. நாங்கள் விரும்பி ஒன்றும் ஆகாது.

பிறகு கடைக்குத் திரும்பிப் போய், அதே ரவையில் அதே தொகுதி இலக்கம் போட்ட பெட்டி இன்னும் இரண்டு எடுங்கள். பெட்டியின் உள் மடிப்பில் அந்த இலக்கம் அடித்திருக்கும். அதில் ஸ்கோப்பைச் சரிப்படுத்தி முடித்துவிடுங்கள். இந்த முறை கீழ்ப் பாதியில் வேண்டாம், நெஞ்சின் நடுவில் குறி வையுங்கள்.

இன்னுமொன்று, இது அவசரம். ரேஞ்சுக்குக் கொண்டு போகிற பையையா ஊருக்கும் கொண்டுவந்தீர்கள்? ஒரு முறை நான் வரும்போது பக்கப் பொக்கற்றுக்குள் ஒரு வெறுங்கோது கிடந்திருக்கிறது. பாதுகாப்புச் சோதனையில் பிடித்து நாலு மணித்தியாலம் இருத்திவைத்து விசாரித்தார்கள், விமானமும் போய்விட்டது. இன்றைக்கே பையைத் தலைகீழாக உதறி, தையல் மடிப்புக்குள்ளும் விரலை விட்டுப் பாருங்கள்.

*

கோண்டாவிலான்:

பார்த்துவிட்டேன், அண்ணை. பை புதிது. என்றாலும் ஜக்கெற்றின் உள் பொக்கற்றுக்குள் போன வருடத்து மான் அனுமதிச் சீட்டு கிடந்தது. பாவிக்காத சீட்டு.